செங்காந்தளும் சமையலறையும்

சென்ற பொங்கலன்று எங்கள் வீட்டில் நடக்க இருந்து, யார் செய்த புண்ணியமோ, நடக்காமல் போன ஒரு சம்பவத்தை இந்த வாரம் சொல்லப் போகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வாரா வாரம் இந்தப் பகுதியில் "இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள்" என்று உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். என் வீட்டிலேயே இப்படி நடந்தது என்றால் நீங்கள் சிரிக்கமாட்டீர்களா? சிரித்தாலும் பரவாயில்லை. ஒரு வீட்டுக்காவது இது உபயோகப்பட்டால் போதும்.

என் சித்தி வீடு வாலாஜாபாத்தில் இருக்கிறது. செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகிற ரயிலில் போனால் நடுவில் வரும் ஊர். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் பட்டாளம் வைத்திருந்த இடம். தெற்கே பாலாறு. தண்ணீரைவிட மணலே அதிகமாகக் கண்ணில் படும் ஆறு. சித்தி வீட்டுக் கொல்லையில் கிளுவை வேலி ஒன்று உண்டு. மழை பெய்துவிட்டால் அந்த வேலியின்மேல் ஒரு கொடி படரும். ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள், வேலி முழுவதும் தீப்பிடித்த மாதிரி பூத்துக் கிடக்கும். புத்தகத்தில் செங்காந்தள் என்று படித்தோமே, அதுதான். வாலாஜாபாத்தில் அதைக் கேட்டால் "கண்வலிப் பூவா?" என்பார்கள்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு நாங்கள் அங்கே போகும்போதெல்லாம் சித்தி போடும் முதல் உத்தரவு, "கொல்லை வேலிப் பக்கம் போகாதீங்க. அந்தப் பூவை உத்துப் பார்த்தா கண்ணு வலி வரும்" என்பதுதான். நாங்களும் பயந்து, விரல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வருவோம்.

பிறகு நான் கல்லூரியில் சேர்ந்து தாவர நூல் படித்தேன். பூவைப் பார்ப்பதால் கண் வலிக்காது என்று தெரிந்துகொண்டேன். அது முதல் சித்தியின் நம்பிக்கை எனக்குச் சிரிப்பாகிவிட்டது. சென்ற தை பிறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, கொடி காய்ந்து சருகாகியிருந்தது.

"சித்தி, இதில் ரெண்டு கிழங்கு தோண்டிக் கொடுங்க. மாடியில் தொட்டியிலே வளர்க்கப்போறேன்" என்றேன்.

"வேண்டாம்மா. புள்ள இருக்கிற வீடு" என்றாள் சித்தி.

"நீங்க வளர்க்கலியா? அந்தக் காலத்துப் பேச்செல்லாம் இன்னும் பேசறீங்களே!"

சித்தி மேலே பேசவில்லை. சித்தப்பா கடப்பாரையால் தோண்டி இரண்டு கிழங்கு எடுத்துக் கொடுத்தார். அதோடு பொங்கல் குழம்புக்கு என்று வள்ளிக் கிழங்கு, கருணைக் கிழங்கு, மொச்சை எல்லாம் ஒரு பையில் போட்டார்கள். நான் கண்வலிக் கிழங்கை ஒரு காகிதத்தில் சுற்றி அதே பையில் திணித்தேன். சென்னைக்கு வந்ததும் பையைச் சமையலறைக் கூடையில் கவிழ்த்துவிட்டு ஆபீஸ் வேலையில் மூழ்கிவிட்டேன். காகிதம் எப்போது பிரிந்ததோ, தெரியாது.

பொங்கலன்று காலை வாசலில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளேயிருந்து என் மாமியாரின் குரல் கேட்டது. "ஏம்மா, இது என்ன கிழங்கு? ஏர்க் கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கே! தோலைச் சீவணுமா, அப்படியே போடலாமா?"

கையிலிருந்த செம்மண் கிண்ணம் கீழே விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். மற்றக் கிழங்குகளோடு சேர்த்துக் கழுவி, தட்டில் எடுத்து வைத்து, அரிவாள்மணையின் முன் உட்கார்ந்திருந்தார் அத்தை. பக்கத்தில் என் ஐந்து வயதுப் பெண் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

கலப்பை மாதிரி வளைந்திருந்ததால் அத்தை கேட்டார், கேட்டதால் பிழைத்தோம். அந்தக் கிழங்குக்குக் கலப்பைக் கிழங்கு என்றே ஒரு பெயர் உண்டு. வடமொழியிலும் கலப்பையை வைத்தே அதற்கு 'லாங்கலி' என்று பெயர். பெயர் வைத்தவர்களை அன்றைக்கு மனசுக்குள் கும்பிட்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சித்தி சொன்ன காரணம் தவறாக இருக்கலாம். ஆனால் அந்தத் தவறான காரணம் இத்தனை வருஷமாக அந்த வீட்டுக் குழந்தைகளை வேலிக்கு அப்பால் நிறுத்தி வைத்தது. படித்தவளாகிய நான் பயத்தை மட்டும் எடுத்துப் போட்டேன்; அந்த இடத்தில் வேறு எந்தக் காவலையும் வைக்கவில்லை. இதுதான் என் குற்றம்.

அப்புறம் அந்தக் கிழங்கைத் தூக்கி எறிந்துவிட்டேனா? இல்லை. இதை எழுதும்போது மாடியில் ஏழு பூக்கள் பூத்திருக்கின்றன. எப்படி என்று சொல்கிறேன்.

அது செய்யும் வேலை

செங்காந்தளின் கிழங்கு, விதை, தண்டு, இலை, பூ எல்லாமே விஷம். கிழங்கிலும் விதையிலும் அதிகம். அந்த விஷச் சத்துக்குக் கோல்சிசின் என்று பெயர். நம் உடம்பில் செல்கள் ஓயாமல் ஒன்று இரண்டாகப் பிரிந்து புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கின்றன அல்லவா? கோல்சிசின் அந்தப் பிரிவையே தடுத்து நிறுத்திவிடுகிறது. ஆகையால், எங்கெல்லாம் செல்கள் வேகமாக உண்டாகின்றனவோ அங்கெல்லாம் முதல் அடி விழுகிறது. குடலின் உட்புறம், எலும்புக்குள் இருக்கும் இரத்தம் ஊறும் மஜ்ஜை, மயிர்க்கால் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள்.

தின்ற உடனே ஒன்றும் தெரியாமல் போகலாம். அதுதான் இதில் பெரிய ஆபத்து. சில மணி நேரம் கழித்துத் தொண்டை எரிச்சல், வயிற்று வலி, வாந்தி, காலரா கண்ட மாதிரிப் பேதி என்று ஆரம்பிக்கும். பிறகு மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். பிழைத்து எழுந்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமயிர் கொட்டுவது உண்டு. இலங்கையில் இந்தக் கிழங்கைத் தின்ற ஒருவருக்கு உடம்பு முழுவதும் மயிர் உதிர்ந்த விவரத்தை 1966-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் டாக்டர் ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கேயும் வள்ளிக் கிழங்கு என்று நினைத்து இதை வேகவைத்துத் தின்றவர்கள் உண்டு. வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று நினைக்காதீர்கள், போகாது.

நம் பெண்களுக்கு இன்னொரு வார்த்தை. பிரசவம் சீக்கிரம் ஆகட்டும் என்று இந்தக் கிழங்கை அரைத்து வயிற்றிலும் உள்ளங்காலிலும் தடவும் பழக்கம் முன்னாளில் இருந்தது. வேறு சில காரியங்களுக்கு உள்ளுக்குக் கொடுத்ததும் உண்டு. சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும்கூட இதைச் சுத்தி செய்யாமல் தொடக் கூடாது என்றே விதி இருக்கிறது. யார் சொன்னாலும் வீட்டில் இதை மருந்தாக்க முயல வேண்டாம்.

இதே விஷம் டாக்டர் கையில் மருந்தாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1820-ல் பெல்லெத்தியே, காவந்தூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், ஐரோப்பாவில் விளையும் கால்சிகம் என்ற செடியிலிருந்து இந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். கால் பெருவிரல் மூட்டு வீங்கித் துடிக்க வைக்கும் கவுட் என்கிற வாதத்துக்கு டாக்டர்கள் இதை மிகமிகச் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். இருதய நோயாளிகள் சிலருக்குக் கொடுக்க அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. நம் காந்தள் விதையிலும் அதே சத்து நிறைய இருப்பதால், ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கங்களில் இதை வயலில் பயிரிட்டு, விதையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அந்த வயல்களில் ஒரு வேடிக்கை உண்டு. காந்தள் பூவின் சூல் தண்டு மகரந்தத்தை விட்டு விலகி, பக்கவாட்டில் செங்குத்தாகத் திரும்பிக்கொண்டிருக்கும். காட்டில் பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் இணைத்து வைக்கும். வயலில் அவற்றை நம்பியிருந்தால் கட்டுப்படியாகுமா? எனவே தினம் காலையில் ஆட்கள் பூப்பூவாகப் போய், கையாலேயே மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். கூலிக்கு வரும் பெண்களுக்குக் கை பழகிய வேலை இது. பெண்களின் விரலுக்குக் காந்தளை உவமை சொன்னார்கள் பழைய புலவர்கள். இப்போது அந்த விரல் தொட்டால்தான் காந்தள் காய்க்கிறது!

சொந்தப் பூ

நம் வீட்டுப் பெண்கள் வெளிநாட்டுப் பூச்செடிக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். இது நம் மண்ணின் பூ. தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த 99 பூக்களின் வரிசையில் முதலாவதாக வருவது செங்காந்தள்தான். முருகனுக்கு உகந்தது என்பார்கள். கடல் கடந்து ஜிம்பாப்வே நாட்டிலும் இதுவே தேசிய மலர். அந்த நாடு ரொடீஷியாவாக இருந்தபோது, 1947-ல், அப்போது இளவரசியாக இருந்த எலிசபெத்தின் 21-வது பிறந்த நாளுக்கு, அங்குள்ள குழந்தைகள் இந்தப் பூவின் வடிவத்தில் ஒரு வைர புரோச் பரிசளித்தார்கள்.

அந்த அழகை என்னவென்று சொல்வது! மொட்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டு தொங்கும். விரிந்ததும் ஆறு இதழ்களும் நெளிநெளியாக மேலே வளைந்து தீக்கொழுந்து போல் நிற்கும். முதல் நாள் பச்சை, அப்புறம் மஞ்சள், பிறகு மஞ்சளும் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இத்தனை நிறமும் ஒரே சமயத்தில் இருக்கும். இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறுவதைக் குழந்தைகள் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வளர்க்கும் முறை

ஆடி மாதத்தில் நடுவது நல்லது. காட்டிலும் வேலியிலும் தோண்டாதீர்கள். தோண்டித் தோண்டியே பல இடங்களில் இது அருகிவிட்டது. நாற்றுப் பண்ணையிலோ, பயிரிடுகிறவர்களிடமோ வாங்குங்கள். விதை போட்டால் பூப்பதற்கு மூன்று நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும்; கிழங்கு வைத்தால் அதே வருஷம் பூக்கும். கிழங்கின் முனையில்தான் முளை இருக்கிறது. முனை ஒடிந்த கிழங்கு முளைக்காது. ஆகவே பச்சைக் குழந்தையை எடுப்பது போல் எடுங்கள்.

தொட்டி ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் இருக்கட்டும். அடியில் நீர் வடியத் துவாரம் கட்டாயம் வேண்டும். வாலாஜாபாத்தில் இது செழிப்பதற்குக் காரணம், அந்த மணல் கலந்த மண்ணில் தண்ணீர் தேங்காததுதான். செம்மண், ஆற்று மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து கொள்ளுங்கள். கிழங்கை நிறுத்தாமல் படுக்க வைத்து, மேலே நாலு விரற்கடை மண் போடுங்கள். முளை தெரியும் வரை ஈரம் இருந்தால் போதும். தண்ணீர் அதிகமானால் கிழங்கு அழுகிப் போகும். இந்தச் செடியை வளர்க்கிறவர்கள் அதை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். முளைத்ததும் கம்போ, கம்பி வலையோ கொடுங்கள். காலை வெயில் நன்றாகப் படட்டும்.

கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த ஒரு கம்பளிப்புழு வரும். மனிதனைச் சாய்க்கும் இலையை அது சுகமாகத் தின்னும்! குச்சியால் எடுத்துப் போட்டுவிடுங்கள். மார்கழி வாக்கில் கொடி மஞ்சளாகிக் காய ஆரம்பிக்கும். செத்துவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம், தூங்கப் போகிறது. தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை மழை படாத இடத்தில் அப்படியே வைத்துவிடுங்கள். அடுத்த ஆடியில் மறுபடி எழுந்திருக்கும்.

காவல்

சமையலறைக்கும் இந்தக் கிழங்குக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. கிழங்கு எடுக்கிற காலமும் பொங்கல் கிழங்குகள் வீட்டுக்கு வருகிற காலமும் ஒன்றாக வருகிறதைக் கவனியுங்கள். என் வீட்டில் நேர இருந்தது எந்த வீட்டிலும் நேரலாம். கிழங்கைத் தோண்டாமல் தொட்டியிலேயே விட்டுவைப்பது உத்தமம். தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால், மணல் நிரப்பிய தகரப் பெட்டியில் போட்டு, மேலே 'விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள். எழுதுவதோடு நிற்காமல் வீட்டில் இருக்கிற எல்லோரிடமும், வேலைக்கு வருகிற அம்மாளிடமும், வாயால் சொல்லிவிடுங்கள். நான் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை.

செடியைத் தொடும்போது கையுறை போட்டுக்கொண்டு, பிறகு சோப்பால் கையைக் கழுவுங்கள். வெட்டுகிற கத்தியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளி எடுத்துவிடுங்கள்; காய்க்க விடாதீர்கள். காய் வெடித்தால் உள்ளே செக்கச் செவேலென்று முத்து முத்தாக விதை இருக்கும். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ள அதுவே போதும். வெட்டிய கொடியை மாடு, ஆடு மேய்கிற இடத்தில் எறிந்துவிடாதீர்கள். அவற்றுக்கும் இது யமன்.

தவழ்கிற குழந்தை, கண்டதை வாயில் போடுகிற பருவத்துக் குழந்தை, நாய்க்குட்டி, கொல்லையில் ஆடு, இவை இருக்கிற வீட்டில் இந்தச் செடி வேண்டவே வேண்டாம். நாலு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். பூ எங்கேயும் ஓடிவிடாது.

எத்தனை காவல் இருந்தாலும் யாராவது தின்றுவிட்டால், அல்லது தின்றிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்கூட, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 'குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று காத்திருக்காதீர்கள். முன்னமே சொன்னேன், இது மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுப்பது முதலிய கை வைத்தியம் வேண்டாம். மிச்சம் இருக்கிற கிழங்கையோ இலையையோ கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த விஷத்துக்கு நேர் மாற்று மருந்து கைவசம் இல்லை. சீக்கிரம் போய்ச் சேருவதுதான் பாதி வைத்தியம்.

அன்றைக்கு என் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு பாடுபட்டு விஷத்தை எதுக்கும்மா வளர்க்கணும்?" என்றார். நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்லாமல் கிழங்கைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்றால் எறிந்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டேன். ஆடி பிறந்ததும் அவரே சாவியைக் கொண்டுவந்து, "அரளியும் விஷந்தான். அதை நம்ம வாசல்லே வெச்சு சாமிக்குப் போடலியா? நட்டுத்தான் பாரேன்" என்றார்.

சென்ற வாரம் சித்தி வந்திருந்தாள். மாடிக்கு அழைத்துப் போய்த் தொட்டியைக் காட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் பெண் முந்திக்கொண்டாள். "பார்க்கலாம் பாட்டி, கண்ணு வலிக்காது. ஆனா தொடக் கூடாது. வாயிலே வெச்சா ஆஸ்பத்திரிதான்!"

சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உனக்கு நான் இப்படிச் சொல்லிக் கொடுக்கலியே" என்றாள்.

ஆடி வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. காந்தள் வளர்க்க ஆசைப்படுகிற சகோதரிகள் கிழங்கு வாங்குவதற்கு முன்னால், ஒரு தகரப் பெட்டியும் நல்ல பூட்டு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.